வேற லெவலு பனியனும் வெள்ளகோவில் பழமையும்

ஏங்கண்ணு, கோவிச்சுக்காதே. இயேசுசாமியைப் பனியனுல அச்சடிச்சதுக்கு நான் சிரிக்கல. திருப்பூருக்குப் பக்கத்துல பொறந்துட்டு பனியனுல அடிக்காம வேற எதுல அடிப்பே? நெஞ்சு மேல 'வேற லெவல்'னு சினிமா போஸ்டரு எழுத்துல போட்டிருக்கறயே, அது எந்த லெவலுன்னு கீழ ஒரு வார்த்தை போடலையேன்னுதான் சிரிப்பு வந்துச்சு. உங்க வாலிபர் ஐக்கியத்துல நாலு பேரு உக்காந்து மண்டையை ஒடைச்சுக் கண்டுபுடிச்சதுங்கறே. சரி. இத்தனை டிசைனும் என்னையாட்ட ஆளைப் புடிக்கத்தானே? புடிபடப் போற ஆளுகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனா என்ன கொறைஞ்சா போயிரும்?

கேக்கறதுக்கு நான் தகுதியான ஆளுதான். வீரக்குமாரசாமி தேரு வடம் புடிச்ச கை இது. ஆனா இந்தக் கரூரு ரோட்டுல எவன் துண்டுப்பிரதி நீட்டினாலும் வேண்டாம்னு சொன்னதில்ல. வாங்கி, கடேசி வரி வரைக்கும் படிச்சுட்டுத்தான் அதுல பொரிகடலை கட்டுவேன். சைக்கிள்ல வந்த உபதேசியாரு, வேனுல கொழாய் கட்டி வந்தவங்க, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினவங்க, கீபோர்டும் பேடும் வெச்சு ஊரை அதிர வெச்சவங்க, இப்ப ரீல்ஸ் போடற நீயி. அத்தனை பேருக்கும் முன்வரிசையில உக்காந்து கொடுத்திருக்கறேன். எம்பட அளவுக்குச் சுவிசேசம் கேட்ட ஆளு உங்க சபையிலயே இருக்க மாட்டான்.

மொதல்ல பனியனையே எடுத்துக்கலாம். கொண்டா இப்படி. துணியைத் தொட்டாலே தெரியுது, காதர்பேட்டை செகண்ட்ஸ். சிங்கிள் ஜெர்சி, நெம்ப மெல்லிசு. பயோ வாஷ் பண்ணாத துணி, ஒரு மாசத்துல மேலெல்லாம் பஞ்சு எழும்பும். பிரிண்டு ரப்பரு. 160 டிகிரி சூட்டுல காய வெக்கோணும். கரண்டு பில்லுக்குப் பயந்து பாதிச் சூட்டுலயே உருவிட்டான். ரெண்டு கையால இழுத்தேன் பாரு, சாமி நெத்தியில விரிசல் உழுந்துருச்சு. மூணாவது தொவைப்புல தாடி போயிரும். அஞ்சாவது தொவைப்புல 'லெவல்' போயி 'வேற' மட்டும் நிக்கும்.

போனாப் போகட்டும், இன்னொண்ணு அடிச்சுக்கலாம்ங்கறே. அங்கதான் கண்ணு வெவகாரமே. கிழிஞ்ச பனியன் எங்க போகுதுன்னு உனக்குத் தெரியாததா? பாதி ஒர்க்‌ஷாப்புக்குப் போகுது. முத்தூர் ரோட்டுல ஒரு பட்டறையில எங்கண்ணால பாத்தேன். மெக்கானிக்குப் பையன் கார்புரேட்டரைத் தொடைச்சுட்டு இருக்கறான், கையில இருக்கற துணியில முள்முடியோட ஒரு மொகம். பையன் மேல தப்பில்ல, கிலோக் கணக்குல வாங்கின பனியன் வேஸ்ட்டு அது. மீதி நம்மூரு ஓஇ மில்லுக்கு வருது. செவப்புத் தனி, நீலம் தனி, கருப்புத் தனின்னு பொம்பளைக உக்காந்து பிரிப்பாங்க, சாயச் செலவு மிச்சமாகோணுமல்ல. அங்க முருகனும் வருவாரு, சேகுவேராவும் வருவாரு, ஸ்பைடர்மேனும் வருவாரு, உங்காளும் வருவாரு. கலரு பாத்துத்தான் குவியல், சாமி பாத்து இல்ல. அத்தனையும் மிசினுல கிழிபட்டுப் பஞ்சாகி, நூலாகி, கால்மிதியாத் திரும்பி வரும். மொகத்தை அச்சடிக்கறதுக்கு முன்னால அந்தக் குவியலை ஒருக்கா நெனைச்சுக்கோ. எழுத்து மட்டும் போட்டீன்னா பாவம் கொஞ்சம் கம்மி.

அடுத்தது, 'புதுசாப் பண்றோம் அப்பாரு'ங்கற அந்தப் பேச்சு. அதை விட்டுரு. உங்காளுக இந்த வேலையை நானூறு வருசமாப் பண்ணிட்டு இருக்கறாங்க. 1606-ல ராபர்ட் டி நொபிலின்னு ஒரு இத்தாலிக்காரரு மதுரைக்கு வந்தாரு. அவருக்கு முன்னாலயே அங்க ஒரு பாதிரியாரு வருசக்கணக்கா உக்காந்திருந்தும் உள்ளூர்க்காரன் ஒருத்தன்கூட அவரு பக்கம் திரும்பல. பரங்கின்னா பூட்சு, சாராயம், மாட்டுக்கறின்னு மதுரைக்காரன் மூக்கைப் புடிச்சான். நொபிலி பாத்தாரு. காவியைக் கட்டுனாரு, கறியை உட்டாரு, தமிழும் சமஸ்கிருதமும் படிச்சாரு, தத்துவ போதகர்னு பேரு வாங்குனாரு. உடுப்பு மாத்துன குத்தத்துக்கு ரோம்புரி வரைக்கும் பிராது போயி, 1623-ல பதினஞ்சாம் கிரிகோரிங்கற போப்பு 'நடக்கட்டும்'னு சொல்ற வரைக்கும் பஞ்சாயத்து ஓடுச்சு. உம்பட பனியனுக்கு உங்க பாஸ்டரு ரெண்டு வாரம் யோசிச்சாருன்னு நீ சலிச்சுக்கறே. வேசத்துக்காக அந்த மனுசன் சாகற வரைக்கும் சோத்தை மாத்துனாரு. நீ மாத்துனது எழுத்து டிசைனை. பிரியாணியை உடச் சொன்னா உடுவியா?

அவருக்கு அப்புறம் வந்தவரு வீரமாமுனிவரு. சூசையப்பரு கதையை 3615 பாட்டாத் தேம்பாவணின்னு பாடி வெச்சாரு. கோணாங்குப்பத்துல மாதாவுக்குப் பெரியநாயகின்னு பேரு வெச்சாரு. அதெல்லாம் பண்டிதருக பேசட்டும். எனக்குப் புடிச்சது பரமார்த்த குரு கதை. ஒரு முட்டாக் குரு, மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்னு அஞ்சு சிஷ்யனுக. குருவைக் கிண்டல் பண்ணி எழுதுனவரே ஒரு சாமியாருங்கறதுதான் இதுல ருசி. தமிழ் படிக்க வந்த பாதிரிமாருக்கு அதுதான் பாடப் பொஸ்தகம். இன்னைக்கு உங்க சபையில எவனாச்சும் பாஸ்டரைக் கிண்டலடிச்சு ஒரு மீம்ஸு போட்டுட்டு அடுத்த ஞாயித்துக்கெழமை காணிக்கைப் பையைச் சுத்த முடியுமா? ஊரு சினிமாவையெல்லாம் மீம்ஸு போடறீங்க, உங்க ஊட்டுக்குள்ள மட்டும் கேமரா திரும்ப மாட்டேங்குது.

தரங்கம்பாடியில சீகன்பால்கு அச்சடிச்ச கதையைக் கேட்டிருப்பே. 1715-ல தமிழ்ல புதிய ஏற்பாடு. ஜெர்மனியிலருந்து வந்த எழுத்து பெரிசு, காகிதமோ பஞ்சம். என்ன பண்ணுனாங்க? சின்ன எழுத்தா இங்கயே வார்த்தாங்க. நீ பஸ் ஸ்டாண்டுல கட்டுன பிளக்ஸ்ல பாஸ்டரு மொகம் எட்டடி, அவரு சம்சாரம் மொகம் ஏழடி. வசனத்தைத் தேடறதுக்கு நான் கண்ணாடி மாத்த வேண்டியதாப் போச்சு.

இப்பச் சொல்றதைக் கொஞ்சம் நிதானமாக் கேளு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரு. 1774-ல திருநெல்வேலிச் சீமையில பொறந்து, சுவார்ட்ஸ் பாதிரியாரு கையில வளந்தவரு. சரபோஜி ராசாவும் அவருகிட்டயேதான் படிச்சாரு. அன்னைக்குத் தஞ்சாவூர்ல குறவஞ்சின்னாத்தான் கூட்டம் கூடும். நாயகி தலைவனை நெனைச்சு ஏங்குவா, குறத்தி வந்து கை பாத்துக் குறி சொல்லுவா, அவ புருசன் சிங்கன் வலை போட்டுப் பறவை புடிப்பான், கூட நூவன்னு ஒரு எடுபிடி. ராசா மேலயே குறவஞ்சி பாடுன காலம். சாஸ்திரியாரு அதை அப்படியே எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பண்ணிட்டாரு. நாயகி சீயோன் குமாரத்தி, தலைவன் கிறிஸ்து, குறத்தி விசுவாசம், சிங்கன் போதகரு, எடுபிடி நூவன் உபதேசியாரு. போதாததுக்குப் பூமி சூரியனைச் சுத்துதுங்கற பாடத்தையும் அதுக்குள்ளயே வெச்சுட்டாரு.

அவரு குறவஞ்சியோட பேரை மட்டும் எடுத்துக்கல, பாத்துக்கோ. ராகம், தாளம், குறத்தி பேச்சு, மலைவளம் நாட்டுவளம் சொல்ற முறை, முச்சூடும் அவருக்கு அத்துபடி. குறவஞ்சி தெரிஞ்சவன் கேட்டாலும் 'அட, நம்ம சரக்கைவிட நல்லா இருக்குதே'ன்னு தலையாட்டோணும், அந்த வைராக்கியத்துல பண்ணுனது. நீ சினிமா எழுத்தை மட்டும் எடுத்தே. உம்பட நோட்டீசைப் பாத்ததும் எம்பட பேரன் 'என்ன படம், எப்ப ரிலீசு'ன்னு கேட்டான். படமில்லைடா, கூட்டம்னேன். பொசுக்குன்னு போனுக்குள்ள தலையை உட்டுட்டான். அவனை ஒரு நிமிசம் ஏமாத்தினே, அவ்வளவுதான் உனக்குக் கெடைச்ச லாபம்.

ஆனா அந்தச் சாஸ்திரியாரு கதையில இன்னொரு பக்கம் இருக்குது, உங்க மேடையில அதை யாரும் சொல்றதில்ல. புதுசா வந்த பாதிரிமாருக, கோயிலுக்குள்ள சாதி பாத்துத் தனித்தனியா உக்கார்ற பழக்கத்தை எடுக்கோணும்னாங்க. கூடாதுன்னு எதுத்து எழுதுனவரு இதே சாஸ்திரியாருதான். பாட்டுல அத்தனை புதுசு பண்ணுன மனுசன் பாயி விரிக்கறதுல பழசை உட மாட்டேன்னாரு. 1833-ல பிஷப் டேனியல் வில்சன் 'இனிமே சபையில சாதி கூடாது'ன்னு கடுதாசி போட்டதும் எத்தனையோ பேரு சபையையே உட்டுட்டுப் போனாங்க.

டிசைனு டிசைனுங்கறயே, இதைக் கேளு. திருநெல்வேலிச் சீமையில வடக்கன்குளம்னு ஒரு ஊரு. அங்க 1872-ல ஒரு கோயில் கட்டுனாங்க, கால்சட்டை மாடலு. நெசமாத்தான். ரெண்டு காலு, நடுவுல செவுரு. வெள்ளாளரு பக்கம் ஒரு காலு, நாடாரு பக்கம் ஒரு காலு. பீடம் இடுப்புப் பக்கத்துல, ரெண்டு பேருக்கும் சாமி தெரியோணும், ஒருத்தருக்கொருத்தரு மூஞ்சி தெரியக் கூடாது. 1910-ல செவுத்தை இடிச்சாங்க. அதுக்கு மெட்ராஸ் ஹைகோர்ட்டு வரைக்கும் வழக்குப் போட்டு, வெள்ளாளரு பக்கம் தோத்தாங்க. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்'னு எழுதின பொஸ்தகத்துல இந்தக் கதை வெலாவாரியா இருக்குது. பனியன் ஊருக்காரன் நம்மளுக்கே இப்படி ஒரு கட்டிங் தோணாது கண்ணு. அந்தக் கோயிலைப் போட்டவனைவிடக் கெட்டிக்காரக் கட்டிங் மாஸ்டரு இன்னைக்கு வரைக்கும் அவிநாசி ரோட்டுல இல்ல.

நான் எங்க பக்கம் ஒழுங்குன்னு சொல்ல வரல. எங்க வீரக்குமாரசாமி கோயிலுக்குள்ள பொம்பளைக போறதில்ல, வாசல்லயே நின்னு கும்புடறாங்க. ரெட்டை டம்ளரு இந்தச் சீமையில இருந்த கதை ஊரறிஞ்சது. ஆனா நாங்க யாரையும் வாங்க வாங்கன்னு பனியன் அடிச்சுக் கூப்புடலையே. கூப்புட்டவன்தான் பாயி எங்க விரிச்சிருக்கறான்னு சொல்லோணும். உங்க சபையில கல்லறைத் தோட்டம் ஒண்ணா ரெண்டான்னு நான் கேக்கல, நீயே பாத்துக்கோ. கலியாணம் பேசறப்போ தரகரு மொதல்ல என்ன கேக்கறாருன்னும் நான் கேக்கல.

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு உங்கப்பனோட வந்திருக்கறயல்லோ? கொம்பைச் சீவிப் பெயிண்டு அடிச்சு, நெத்திக்குக் குஞ்சம் கட்டி, சலங்கை போட்டுக் காளையைக் கொண்டாந்து நிறுத்துவான். வாங்கறவன் கொம்பையா பாக்கறான்? வாயைத் தொறந்து பல்லை எண்ணுவான், சுழி பாப்பான், பத்தடி நடக்க உடுவான். அப்புறந்தான் துண்டுக்குள்ள கை போகும். காங்கேயம் காளை நல்ல காளையா இருந்தா சாணி அப்புன தொடையோட வந்தாலும் போயிரும். நொண்டியா இருந்தா, கொம்புக்குத் தங்கமே பூசினாலும் பொழுதோட ஊட்டுக்குத்தான் ஓட்டிட்டுப் போகோணும். உம்பட நோட்டீசு கொம்பு. பல்லு உங்க சபை. நாங்க பல்லைத்தான் பாப்போம்.

சினிமா வேண்டாம்னு சொல்றனா? சேச்சே. எங்கம்மா 1948-ல வந்த ஞானசௌந்தரியைச் சொல்லிச் சொல்லி அழுவா. மாதா அந்தப் புள்ளைக்கு வெட்டுப்பட்ட கையைத் திருப்பிக் குடுத்த கதை. எங்கம்மா மதம் மாறல, ஆனா வேளாங்கண்ணின்னு சொன்னா கும்புட்ட கையை எடுக்க மாட்டா. 1978-ல தெலுங்குல கருணாமயுடுன்னு ஒரு படம், விஜயசந்தரு இயேசுவா வந்தாரு, எடுத்தது நம்ம 'பாசமலர்' பீம்சிங். அதைத்தான் ஊரூரா வெள்ளைத் துணி கட்டிப் போட்டாங்க. சிலுவையில ஆணி அடிக்கறப்போ எங்க பக்கத்துல உக்காந்திருந்த பொம்பளைக மாரடிச்சு அழுதாங்க. பூராவும் மாரியாத்தாளுக்குப் பூவோடு எடுக்கறவங்க. அந்தப் படத்துல 'வேற லெவல்' கெடையாது, பஞ்சு டயலாக்கு கெடையாது. கதையைக் கதையாச் சொன்னாங்க, அழுகை தானா வந்துச்சு.

எம்.ஜி.ஆரு இயேசு வேசம் போட்ட சங்கதி தெரியுமா உனக்கு? படம் வரவே இல்ல, போட்டோ மட்டும் ஊரெல்லாம் வந்துச்சு. சட்டம் போட்டு மாட்டி வெளக்கு வெச்ச ஊடுக உண்டு. அவங்க கும்புட்டது வேசத்தையா வேசம் போட்டவரையான்னு கேட்டா அவங்களுக்கே தெரியாது. நீ நடிகரு எழுத்தையும் நடிகரு நிக்கற தோரணையையும் எடுத்துச் சாமிக்குப் போட்டியன்னா, பாக்கறவன் மனசு நடிகரு பக்கம்தான் ஓடும். இவ்வளவு காசு செலவழிச்சு நீ அந்த நடிகருக்குத்தான் போஸ்டரு ஒட்டிட்டு இருக்கறே. அவங்க ரசிகரு மன்றத்துக்குச் சொன்னாப் பாதிச் செலவு குடுப்பாங்க.

ரோம்புரிக்காரங்களும் இந்த ஆட்டத்துல எறங்கியாச்சுன்னு நீதானே போன்ல காட்டினே. 2025 யூபிலி வருசத்துக்கு லூச்சேன்னு ஒரு பொம்மைப் புள்ளை. ஜப்பான் கார்ட்டூனாட்டப் பெரிய கண்ணு, மஞ்ச மழைக்கோட்டு, சேறு அப்புன பூட்சு. எனக்கு அந்தச் சேறு புடிச்சுப் போச்சு. நடந்து வந்த புள்ளைன்னு பாத்ததும் தெரியுது, வரைஞ்சவன் வெவரமான ஆளு. அப்புறம் கார்லோ அகுதிஸ்னு பதினஞ்சு வயசுல செத்துப்போன பையன், 2025 செப்டம்பர்ல புனிதராக்குனாங்க. அசிசியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஜீன்ஸும் ஷூவும் போட்டுப் படுத்திருக்கறான். மேல போட்டிருக்கற சட்டை ஒருவேளை நம்ம திருப்பூர்ல தெச்சதாக்கூட இருக்கும், யாரு கண்டா. அவனைப் புனிதராக்குனது ஜீன்ஸு இல்ல. அது அவன் தெனைக்கும் போட்டிருந்த துணி. கம்ப்யூட்டரு தெரிஞ்ச பையன், தெரிஞ்சதை வெச்சு வேலை செஞ்சான். உனக்கு என்ன தெரியும்? தறி தெரியும், பாவு ஓட்டத் தெரியும், பெட்ஷீட்டுக்குப் பார்டரு போடத் தெரியும். அதுல ஒண்ணும் பண்ணாம அமெரிக்காக்காரன் சபை வெச்சிருக்கற புகையையும் ஊதா லைட்டையும் கொண்டாந்து ஆஸ்பெட்டாஸ் கொட்டாயில உடறே. போன மாசம் புகையைப் பாத்துட்டு நான் தறிக் குடோன்ல தீன்னு குடத்தைத் தூக்கிட்டு ஓடி வந்தனே, மறந்துட்டியா?

நீ பாக்க வேண்டிய ஆளு ஒருத்தரு இருந்தாரு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில வாத்தியாரு, தியோபிலஸ் அப்பாவு. பரட்டைன்னு பேரு வெச்சுக்கிட்டாரு. 2005-ல போயிட்டாரு. கர்நாடக ராகத்துக் கீர்த்தனை நாக்குல வராத சனங்களுக்காக நாட்டுப்புற மெட்டுல வழிபாடே கட்டுனாரு. பறையைக் கோயிலுக்குள்ள கொண்டாந்தாரு. அது சாவுக்கு அடிக்கறதுன்னு மொணங்குனவங்க இருந்தாங்க, அவரு கேக்கல. முக்கியமான சங்கதி, அவரு பாட்டோட நிக்கல. ஒரே உலைன்னாரு. அவங்கவங்க ஊட்டு அரிசி ஒரே பானையில உழோணும், எல்லாரும் ஒண்ணா உக்காந்து திங்கோணும், அதுதான் நற்கருணைன்னு நெனைச்ச மனுசன். சாஸ்திரியாரு முடியாதுன்ன எடத்துல இவரு தொடங்குனாரு. இவரு மட்டும் எங்க ஊருக்கு வந்திருந்தா, கண்ணு, நான் கொஞ்சம் ஆடித்தான் போயிருப்பேன். நல்ல வேளை வரல.

இப்ப வேலைக்கு வருவோம். உங்க கூட்டம் ஞாயித்துக்கெழமை காலையில ஒம்பது மணிக்கு. மில்லு ஹாஸ்டல்ல இருக்கற தெக்கத்திப் புள்ளைகளுக்கு அந்த நேரத்துலதான் வாரத்துத் துணி தொவைக்கறது, தலைக்கு ஊத்தறது, ஊட்டுக்குப் போன் பேசறது. வெளிய உடறதே சாயங்காலம், அதுவும் வார்டன் கூட. ஒடிசா, ஜார்க்கண்டுப் பசங்க தறியில ராத்திரி ஷிப்டு முடிச்சு அப்பத்தான் படுப்பாங்க. அதுல எத்தனையோ பசங்க அப்பன் பாட்டன் காலத்துலருந்து கிறிஸ்தவங்க, கழுத்துல சிலுவையோட டீக்கடையில நிக்கறாங்க. அவங்களுக்கு ஹிந்தியில ஒரு பாட்டுப் பாட ஆளில்ல, உக்கார ஒரு பெஞ்சு இல்ல. ஏற்கனவே உங்க ஆளா இருக்கறவனை ரோட்டுல உட்டுட்டு, தேரு வடம் புடிக்கற எனக்குப் பனியன் அளவு எடுக்கறே. எனக்கு எக்ஸெல் பத்தாது, டபுள் எக்ஸெல்.

அதனால இப்படிப் பண்ணு. கூட்டத்தை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாத்து. பனியன் காசுல உலை வெய்யி, அரிசி நானும் அரை மூட்டை தாறேன், சாமி பேரு அதுல அச்சடிக்காதே. பந்தியில யாருக்கும் எடம் ஒதுக்காதே. நோட்டீசு போட்டே ஆகோணும்னா தமிழ்ல ஒரு பக்கம், ஹிந்தியில ஒரு பக்கம், கூட்டம் எத்தனை மணிக்கு, சோறு உண்டா இல்லையா, அது போதும். அப்புறம் டிசம்பர் மாசக் கேரலு. போன வருசம் உங்க கிறிஸ்துமஸ் தாத்தா ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க வாசல்ல குத்துப்பாட்டு மெட்டுக்கு ஆடி, தூங்கிட்டு இருந்த கன்னுக்குட்டி மொளைக்குச்சியைப் புடுங்கிட்டுக் கொறங்காட்டுக்குள்ள ஓடிருச்சு. இந்த வருசம் பத்து மணிக்குள்ள வந்துருங்க. முறுக்கும் காப்பியும் போட்டு வெக்கச் சொல்றேன். எத்தனை பேருன்னு முந்தின நாளே போன்ல சொல்லிரு.